கதையில் வேறு ஊர், படத்தில் பொள்ளாச்சி

தூவலூர் என்பது ‘தேவர் மகன்’ படத்துக்காக எழுதப்பட்ட ஊர். கதைப்படி அது தென்மாவட்டத்து மண். பேச்சும் மீசையும் பகையும் அந்தப் பக்கத்தவை. ஆனால் 1992 தீபாவளிக்குப் படம் வந்ததும் எங்கள் வட்டாரத்து ஆட்கள் தியேட்டரில் முதலில் கண்டுபிடித்தது வீட்டைத்தான். பெரிய தேவர் ஊஞ்சலும் சாய்வு நாற்காலியுமாக வாழ்ந்த அந்தப் பெரிய வீடு, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் சிங்காநல்லூரில் இருக்கிறது. கோயம்புத்தூர் நகரத்துக்குள் இருக்கும் சிங்காநல்லூர் வேறு, இது கிராமம்.

நான்கே மாதம் கழித்து, 1993 பிப்ரவரியில் ‘எஜமான்’ வந்தது. அதுவும் பொள்ளாச்சிதான். ரஜினிகாந்த் ஏற்ற வானவராயன் என்ற பெயரே இந்த வட்டாரத்துப் பழைய ஜமீன் பட்டத்தை நினைவூட்டுவது. 2009இல் பிரியதர்ஷன் இயக்கிய ‘பில்லு’ வந்தது. ஷாருக் கானும் இர்ஃபான் கானும் நடித்த இந்திப் படம். அதில் வரும் கிராமத்தின் பெயர் புத்புதா. வடநாட்டுக் கிராமம் என்று இந்திக்காரர்கள் நம்பிப் பார்த்த அந்தத் தெருவும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் எடுத்ததுதான்.

தென்மாவட்டம், கொங்கு, வடநாடு என்று மூன்று மண்ணுக்கும் ஒரே ஊர் முகம் கொடுத்திருக்கிறது. இது எப்படி முடிந்தது என்று கேட்டால் ‘பச்சைப்பசேல் என்று இருக்கும், அதனால்’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பச்சை தஞ்சாவூரிலும் உண்டு, நாகர்கோவிலிலும் உண்டு. கேமரா வேன்கள் ஏன் திரும்பத் திரும்ப இங்கே வந்தன என்பதற்குக் காரணங்கள் வேறு. அவற்றில் பாதி, தண்ணீர் சம்பந்தப்பட்டவை.

முதலில் ஊர் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை நீளமாக வந்து, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாசல் விட்டுவிட்டு, மறுபடி ஆனைமலையாக எழும்புகிறது. அந்த வாசலைத்தான் பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். பொள்ளாச்சி அந்த வாசலுக்கு எதிரே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சாரலாக இந்த வழியே அனுப்புகிறது. இதனால் வானத்தில் மேகம் இருக்கும், ஆனால் வேலை கெடுகிற அளவுக்கு மழை எல்லா நாளும் கொட்டாது. கிழக்கே இருபது கிலோமீட்டர் போய்விட்டால் மண்ணின் நிறம் மாறும். மேட்டாங்காடு, சோளத்தட்டு, வேலாமரம் என்று வறண்ட பூமி. மேற்கேயும் தெற்கேயும் போனால் தென்னந்தோப்பு, அதற்கப்பால் ஆனைமலை வயல், ஆழியாறு அணை, அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறைத் தேயிலை. வேட்டைக்காரன்புதூரைத் தாண்டி சேத்துமடைக்குப் போகும் சாலையில் இருபுறமும் புளியமரங்கள் மேலே கைகோத்து நிற்கும். சேத்துமடை தாண்டினால் டாப்ஸ்லிப் காடு.

இத்தனையும் ஒரு காலை நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்தப் பக்கத்தின் உண்மையான சொத்து அதுதான் என்பது என் கருத்து. தனித்தனியாக எடுத்தால் இதைவிட அழகான அணை உண்டு, இதைவிடப் பெரிய காடு உண்டு. இத்தனையும் பக்கம் பக்கமாக, மாலையில் ஒரே லாட்ஜுக்குத் திரும்பும்படி கிடைப்பது அரிது.

இது பாட்டுக்குத்தான் ரொம்பவும் தேவைப்பட்டது. வெளிநாடுகளில் பாடகர்கள் தங்கள் பாட்டுக்குத் தனியாக வீடியோ எடுத்து விட்டார்கள். நமக்கு அந்த வேலையைச் சினிமாப் பாட்டே செய்தது. வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ பார்த்த தலைமுறைக்கு இதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டாம்: படம் பார்க்காதவர்களுக்கும் பாட்டு தெரியும், கதை தெரியாதவர்களுக்கும் அந்த ஆற்றங்கரை தெரியும். ஐந்து நிமிடப் பாட்டில் பல்லவிக்கு ஒரு இடம், சரணத்துக்கு ஒரு இடம், இடையிசைக்கு இன்னும் நாலைந்து இடம் வேண்டும். வசனக் காட்சியை ஒரே திண்ணையில் வைத்து நாள் முழுக்க எடுத்துவிடலாம், பாட்டை அப்படி எடுக்க முடியாது. அதனால் இடம் மாறும் நேரம் குறையக் குறைய ஷாட் கூடும். காலையில் வயல், பத்து மணிக்கு வாய்க்கால் மதகு, வெயில் உச்சிக்கு வந்ததும் தோப்புக்குள்ளே நிழல், மூன்று மணிக்கு மேல் மலை தெரிகிற இடம் என்று ஒரே நாளில் முடிக்க இங்கே முடிந்தது. உச்சி வெயிலில் முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், ஒளிப்பதிவாளர்கள் அந்த நேரத்தை விரும்ப மாட்டார்கள். தென்னந்தோப்பு அந்த நேரத்தையும் வீணாக்காமல் காப்பாற்றிக் கொடுத்தது.

காற்றையும் சொல்ல வேண்டும். ஆடிக்காற்றில் எங்கள் பக்கம் நின்று பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. படப்பிடிப்புக்கு அது பெரிய தொல்லையாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? பாட்டுக்கு இல்லை. பாட்டு ஏற்கெனவே சென்னையில் பதிவாகி வந்துவிடும். ‘நாக்ரா’ என்று ஒரு குரல் கேட்கும், அது டேப் கருவியின் பெயர், ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், நடிகர்கள் வாயசைப்பார்கள். வசனமும் பெரும்பாலும் பிறகு டப்பிங்தான். ஆக, காற்றின் சத்தம் படத்தில் ஏறவே ஏறாது. அது தென்னங்கீற்றையும் தாவணியையும் அசைப்பது மட்டும் ஏறும். அந்தக் காலத்துப் பாட்டுகளில் எல்லாமே ஆடிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். அதற்கு விசிறி இயந்திரம் தேவைப்படவில்லை.

இனி தண்ணீர். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தை நாங்கள் பிஏபி என்போம். மலையில் பெய்யும் மழையை அணைகளாலும் சுரங்கங்களாலும் திருப்பி, கிழக்கே வறண்ட காட்டுக்கு அனுப்பும் திட்டம். பாசனப் பரப்பு பெரிது, தண்ணீர் அதற்குக் காணாது. அதனால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் திறப்பார்கள். ஒரு மண்டலத்துக்கு முறை வந்து போனால் அடுத்த முறைக்கு இரண்டு வருடம் ஆகும். பழைய ஆழியாறு ஆயக்கட்டு இதில் சேராது. ஆற்றில் முன்பே இருந்த ஐந்து அணைக்கட்டுகளில் பாயும் ஆனைமலை வயல்களுக்கு ஆண்டுதோறும் தண்ணீர் உண்டு, நெல்லும் உண்டு. எங்கே நாற்று நடுகிறார்கள், எந்த வாய்க்கால் இந்த மாதம் ஓடும், எந்த மதகு அடைத்துவிட்டார்கள் என்பது தெரியாமல் இந்தப் பக்கம் ஒரு பாட்டு எடுக்க முடியாது.

இதை நான் சிறுவனாக இருக்கும்போதே பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓடும். ஒரு நாள் அம்பாசிடர் காரில் புரொடக்‌ஷன் ஆள் ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் டைரி. வாய்க்கால் மேட்டில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ‘அடுத்த வாரம் வர்றோங்கய்யா, ரெண்டு நாள் ஷூட்டிங்’ என்றார். எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ‘அடுத்த வாரம் வந்தீங்கன்னா மணல்லதானுங் ஆடோணும். தண்ணி இன்னும் நாலு நாளைக்குத்தான்’ என்றார். அந்த ஆள் டைரியை மூடிவிட்டு உடனே காரை டவுனுக்கு விடச் சொன்னார், சென்னைக்குப் போன் போட. மூன்றாம் நாள் விடியற்காலையில் லாரிகள் வந்துவிட்டன.

அன்றைக்குத்தான் ஷூட்டிங் என்றால் என்ன என்று பார்த்தேன். வெளிச்சம் வருவதற்கு முன்பே ஜெனரேட்டர் வண்டி வந்து நின்றது. வாய்க்கால் மேட்டில் மரப்பலகை போட்டு, அதன்மேல் தண்டவாளம் போலக் கம்பி விரித்தார்கள். அதில்தான் கேமரா வண்டி ஓடும். வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வயலுக்குள் நின்றார்கள். எங்கள் கட்டுத்தரையில் இருந்த இரண்டு காளைகளைக் கழுவிக் கொம்புக்கு வர்ணம் பூசினார்கள். கதாநாயகி வந்து நின்றபோது அம்மாயி சொன்னது, ‘பாவம், வெறுங்கால்ல நிக்குது, முள்ளு இருக்கும்’. ஒரே வரியைப் பதினோரு தடவை போட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லாருக்கும் அந்த வரி மனப்பாடம், ஆனால் அதற்கு முந்திய வரி என்ன என்று ஒருவருக்கும் தெரியாது.

அவர்கள் போன பிறகு வாய்க்கால் மேடு இருந்த நிலைமையை மறக்கவும் முடியாது. வாழை இலை, டீக் கப், தெர்மோகோல் துண்டு. மிதிபட்ட கடலைக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை. அப்பாரு அதற்காகக் கோபப்படவில்லை. மதகில் அடைத்துக்கொண்ட தெர்மோகோலை நாள் கணக்கில் பொறுக்க வேண்டியிருந்ததற்குத்தான் கோபப்பட்டார்.

சரி, பொள்ளாச்சிக்கு முன்னால் தமிழ் சினிமாவின் கிராமம் எங்கே இருந்தது? வெகுகாலம் அது ஸ்டுடியோவுக்குள் இருந்தது. மண் கொட்டி, குடிசை போட்டு, பின்னால் திரையில் மலை வரைந்திருப்பார்கள். இதில் கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ என்று இரண்டு பெரிய ஸ்டுடியோக்கள் அங்கே இயங்கின. பட்சிராஜாவின் ‘மலைக்கள்ளன்’ 1954இல் வந்தது. அந்த ஸ்டுடியோக்கள் மூடிவிட்டாலும் சினிமா வேலை தெரிந்த ஊர் என்ற பழக்கம் வட்டாரத்தில் இருந்தது.

வெளிப்புறத்துக்குக் கேமரா பெரிய அளவில் வந்தது எழுபதுகளின் நடுவில். இளையராஜா அறிமுகமான ‘அன்னக்கிளி’ 1976இல் வந்தது. பவானிசாகருக்கு அப்பால் மாயாற்றைக் கடந்துபோக வேண்டிய தெங்குமரகடா என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் எடுத்த படம். அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’. தமிழ்க் கிராமத்தை உள்ளபடி காட்டிய முதல் படம் என்று இன்றும் நாம் கொண்டாடுகிற அந்தப் படத்தின் பெரும்பகுதி கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கம் எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஆதிக் கிராமமே வேறு மாநிலத்தில் கிடைத்தது என்றால், தூவலூர் பொள்ளாச்சியில் இருப்பதில் வியப்பு என்ன இருக்கிறது? ஊர் எது என்பதைக் கேமரா பார்ப்பதில்லை, கதை சொன்ன ஊரை நாம் நம்பிக்கொள்கிறோம்.

எண்பதுகளில் கோபிச்செட்டிபாளையம் எழுந்தது. பாக்கியராஜ் அந்தப் பக்கத்து வெள்ளாங்கோயிலில் பிறந்தவர், தன் மண்ணையே களமாக்கினார். 1983இல் வந்த ‘முந்தானை முடிச்சு’ அங்கே எடுத்தது. பவானி ஆற்றுக் கொடிவேரி அணையும் அதிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் எத்தனையோ பாட்டில் வந்துவிட்டன. சின்னக் கோடம்பாக்கம் என்று கோபிக்காரர்கள் தங்கள் ஊரைச் சொல்லிக்கொள்வார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. பொள்ளாச்சிக்குக் கூடுதலாக வாய்த்தது மலையும் கேரள எல்லையும். பாலக்காடு கூப்பிடு தூரம் என்பதால் மலையாளப் படக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான பிரியதர்ஷன் மாதிரி இயக்குநர்கள் இந்திப் படங்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். நடிகர்களுக்குக் கோயம்புத்தூரில் விமானம், அங்கிருந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டர் சாலை.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. வீடுகள். தேக்குத் தூண், ஆட்டுக்கல் கிடக்கும் வாசல், நெல் கொட்டி வைக்கும் களம், ஐம்பது பேர் நின்று பேசக்கூடிய முற்றம் என்று பழைய நிலக்கிழார் வீடுகள் இங்கே நல்ல நிலையில் இருந்தன. அப்படி ஒரு வீட்டில் கேமராவை வைத்துவிட்டால், அதற்குள் நடக்கக்கூடிய கதை எது? பெரிய வீட்டுக்காரர், அவர் சொல்லைத் தட்டாத ஊர், ஆலமரத்தடிப் பஞ்சாயத்து. தொண்ணூறுகளில் இந்த வகைப் படங்கள் வரிசையாக வந்ததற்கு வசூல் ஒரு காரணம் என்றால், இடம் தயாராக இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இதில் எனக்கு வருத்தமும் உண்டு. அதே வீட்டின் பின்பக்கம் தேங்காய் உரித்தவர்களும் தோப்புக்குள் மட்டை பொறுக்கியவர்களும் வாழ்ந்த தெருக்கள் பக்கம் கேமரா ஏறக்குறைய போகவே இல்லை. போனாலும் அடி வாங்கும் காட்சிக்காகப் போனது. பொள்ளாச்சியின் பச்சையைப் பார்த்தவர்களுக்கு அதை வளர்த்த கைகள் தெரியாமலே போயின.

ஊருக்கு என்ன கிடைத்தது என்றால், கொஞ்சம் கிடைத்தது. லாட்ஜ்களில் மாதக்கணக்கில் அறை நிறைந்தது. வேன் ஓட்டுபவர், மெஸ் வைத்திருப்பவர், மாட்டுவண்டி வாடகைக்கு விட்டவர், கூட்டம் சேர்த்துக் கொடுத்த ஏஜென்ட் என்று ஒரு வட்டம் பிழைத்தது. ‘நாளைக்கு இருபது கெழவிங்க வேணும், வெள்ளச் சேல கட்டுனவங்களா’ என்று ஏஜென்டுக்குச் சேதி வந்தால் சாயந்திரத்துக்குள் ஆள் தயார். ஒரு நாள் பேட்டாவும் மூன்று வேளைச் சாப்பாடும் பேசப்பட்ட கூலி. ஆனாலும் இந்த ஊரின் பிழைப்பு தேங்காய், வெல்லம், மாட்டுச்சந்தை, கயிறு. சினிமா இதற்கு மேலே வந்த வரும்படி. சினிமா நின்றுபோனால் ஊர் நின்றுவிடும் என்ற நிலைமை எந்தக் காலத்திலும் இல்லை.

குறையத்தான் செய்தது. 2007இல் ‘பருத்திவீரன்’ வந்த காலத்தில் தமிழ்ப்படக் கிராமத்தின் திசை மாறியது. மதுரைக் கதையை மதுரை மண்ணிலேயே, அந்த வெயிலோடும் புழுதியோடும் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அது நல்ல மாற்றம் என்று எங்கள் ஊருக்கு நஷ்டமானாலும் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர்க் கதையானாலும் பொள்ளாச்சித் தென்னை பின்னால் ஆடியது பொய்தானே. அதே 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் ஜெனரேட்டரோடும் ஸ்பீக்கரோடும் போகும் காலம் முடிந்தது. யானை வழித்தடத்தில் பாட்டுச் சத்தம் கேட்காமல் இருப்பதே சரி.

இப்போதும் ஷூட்டிங் வருகிறது. சின்ன யூனிட்டுகள் கூடிவிட்டன. கல்யாணத்துக்கு முந்தைய வீடியோ எடுக்க ஜோடிகளும், தனிப்பாட்டு எடுக்கும் இளம் பையன்களும் சேத்துமடைச் சாலையில் ட்ரோனை ஏற்றி இறக்குகிறார்கள். முன்பு மூன்று லாரி சுமந்து வந்த வேலையை இப்போது ஒரு காரின் டிக்கி சுமக்கிறது. அவர்கள் தேடி வருவதும் பழைய பாட்டில் பார்த்த அதே சட்டகத்தைத்தான். மரச்சாலை, மதகு, மலை.

ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் இருந்தவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கோயம்புத்தூர்-பொள்ளாச்சி சாலையை நான்கு வழியாக்கியபோது ஓரத்தில் நின்ற பெரிய மரங்கள் வெட்டப்பட்டன. தோப்புகளில் கேரள வாடல் நோய் நுழைந்திருக்கிறது, கூடவே வெள்ளை ஈ. ஓலை மஞ்சளாகி, மட்டை தொங்கி, காய்ப்பு குறைந்துகொண்டே போகும். மருந்து இல்லை. நோய் கண்ட மரத்தை வெட்டி அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். முப்பது நாற்பது வருடம் வளர்த்த மரத்தை ஒரு விவசாயி ஆள் விட்டு வெட்டிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் சிலர் மறுபடி கன்று வைக்கிறார்கள், சிலர் மனை போடுகிறார்கள்.

இந்த மரங்களையும் சாலைகளையும் நாங்கள் யாரும் அந்தக் காலத்தில் படம் எடுத்து வைக்கவில்லை. கல்யாணத்துக்குத்தான் கேமரா வரும். வாய்க்காலை யார் எடுப்பார்கள்? ஆனால் பாட்டுக்காரர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது கதாநாயகியின் நடை, பின்னால் எங்கள் வயல் சும்மா வந்து நின்றது. அந்த வருடம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது, மலையடிவாரம் வரை வீடே இல்லாமல் எப்படி இருந்தது, மதகுச் சுவரில் இருந்த கல் எது என்பதெல்லாம் அந்தப் பாட்டுகளில் பதிந்திருக்கிறது. சட்டகத்தின் ஓரத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது ஊரின் ஆவணம்.

என் அப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. எங்கள் வாய்க்கால் மேட்டில் எடுத்த அந்தப் பாட்டை மகள் போனில் போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது சரணத்தில் கேமரா வலப்பக்கம் திரும்பும் இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். மூன்று தடவை பின்னால் போய்ப் போய்ப் பார்த்தார். கதாநாயகியின் தோளுக்குப் பின்னால், கிணற்றுமேட்டில் இரண்டு காளைகள், அவற்றின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள், ஒன்றரை வினாடி.

‘கொம்புக்கு நீலம் அடிச்சது உங்க அப்பாருக்குப் புடிக்கவே இல்ல’ என்றார்.